செருப்பு நூல்

எங்கள் ஊரில் யாராவது "வழி" என்று வாயெடுத்தால் முதலில் கழுதைகளை ஒளித்துவைப்போம். எந்த வழி, யாருக்கு வழி என்பதெல்லாம் அப்புறம்தான்.

கீழே பெர்கே, மேலே ஏரியைத் தாண்டி அந்தியோகியா, நடுவில் மலை. மலையிடுக்கில் எங்கள் மிசாந்தா. கோவேறு கழுதை வைத்துக்கொண்டு ஆட்களையும் சரக்கையும் மலை தாண்டிவிடுவதுதான் எங்கள் பிழைப்பு. பாதை கேவலமாக இருக்கிற வரைக்கும்தான் எங்கள் அடுப்பு எரியும். ரோம இராயரின் ஆட்கள் வந்து நல்ல சாலை போட்டுவிட்டால் எவன் எங்களைத் தேடப்போகிறான்? அதுகூடப் பரவாயில்லை. சாலை போட வருகிறவன் சும்மா வரமாட்டான். முதலில் கோல் பிடித்து அளப்பவன் வருவான், அவன் பின்னால் சிப்பாய் வருவான். திரும்பிப் போகும்போது எங்கள் கழுதைகளும் எங்கள் ஆம்பிளைகளும் அவர்கள் பின்னால் போவார்கள்.

என் வீட்டுக்காரர் மோலெஸ் அப்படித்தான் போனார். மேற்கே எங்கேயோ சாலை வேலை, கல் சுமக்க வேண்டும் என்று கழுதைகளோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். கழுதையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. செத்துப்போனார் என்று ஒரு சிப்பாய் குதிரையைவிட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போனான். "எங்கய்யா புதைச்சீங்க? இடத்தையாவது சொல்லிட்டுப் போ!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. புதைத்த இடத்தில் பெண்டாட்டி கையால் திராட்சை ரசம் ஊற்றினால்தான் எங்கள் பக்கத்தில் துக்கம் முடியும். அதுவரை தலையில் போட்ட கறுப்புத் துணியை எடுக்கக் கூடாது. இடம் தெரியாதவள் எங்கே போய் ஊற்றுவாள்? கறுப்புத் துணியோடுதான் அவருடைய கழுதைகளை நான் ஓட்ட ஆரம்பித்தேன். "அர்மாஸ்தா பொம்பளையா, பூதமா?" என்று ஊரில் கேட்பார்கள். கழுதைக்காரிக்கு வாய் இல்லாவிட்டால் கழுதைகூட மதிக்காது.

அந்த ஆள் ஒரு காலையில் வந்தான். பெர்கேயிலிருந்து தனியாக, நடந்து, கடலோரக் காய்ச்சலை உடம்பில் சுமந்துகொண்டு வந்தான். அப்போது எனக்கு அவன் "அவன்"தான். மரியாதை பிறகு வந்தது. ஆள் குட்டை. கால் இரண்டும் வளைந்திருக்கும். குரல் கீறல் விழுந்த பானையைத் தட்டினது போல இருக்கும். சிரேனே ஊர் யூதன், பெயர் எலியாசிப் என்றான். எங்கள் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. கழுதைத் தொட்டியருகில் உட்கார்ந்து பையைத் திறந்தான். ஊசி, மெழுகு, தோல் துண்டு, கறுப்பு நூல். செருப்புத் தைக்கிறவன். அங்கே நின்றவர்கள் செருப்பையெல்லாம் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

என் கொழுந்தன் திரொகொந்தாஸ்தான் கழுதைக்காரர்களுக்குத் தலைவன். மோலெஸின் தம்பி. அண்ணனைப் பறிகொடுத்ததிலிருந்து வெளியூரானைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எதுக்கு இவ்வளவு தூரம்? பெர்கேல செருப்பே பிய்யலையா?"

"செருப்பு கைத்தொழில்தான்ப்பா. நான் வந்தது வழியைப் பத்திச் சொல்ல."

அவ்வளவுதான். தொட்டியைச் சுற்றி நின்ற எல்லோர் முகமும் செத்துப்போனது. எங்களுக்குத் தெரிந்தது சந்தைக் கிரேக்கம். அதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: சாலை.

"எந்த வழி?" என்றான் திரொகொந்தாஸ், மெதுவாக.

"புது வழி. எருசலேம்ல ஆரம்பிச்சுது. பூமியோட கடைசி வரைக்கும் போகும்."

"எங்க ஊரு வழியாவா?"

"உங்க ஊரு வழியாத்தான். அதுக்குத்தான வந்திருக்கேன்."

"சுங்கம்?"

"சுங்கமா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "ஒரு காசு கிடையாது. அடிமையும் போகலாம், எசமானும் போகலாம். நொண்டிகூடத் தடுக்கி விழாம நடப்பான்."

"அட கடவுளே, அவ்வளவு அகலமா!" என்று கிழவர் ஒருத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வேலைக்கு ஆளு எடுப்பீங்களோ?" என்றான் திரொகொந்தாஸ்.

அந்தப் பாவி மனிதனுக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. "ஆளு தேடித்தான் அலையறேன். இந்த ஊருல எத்தனை பேரு வருவீங்க?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே தொட்டியில் முக்கியிருப்பார்கள். ஆனால் அவன் கையில் ஊர்க்காரர்கள் பாதிப்பேருடைய செருப்பு இருந்தது. தைத்து முடிக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே கூட்டம் போட்டார்கள். முடிவு இதுதான்: சாலைக்காரனுக்கு யாரும் கயிறு கட்டக் கூடாது.

எங்கள் பாதையில் கயிறு என்றால் விளையாட்டு இல்லை. மலை ஏறும் இடத்தில், கூட்டிப்போகிறவர் ஒரு சிவப்புக் கம்பளி நூலை எடுத்து வெட்டி, பாதியை வருகிறவர் மணிக்கட்டிலும் பாதியைத் தன் மணிக்கட்டிலும் கட்டுவார். அதற்கப்புறம் பாறை உருண்டாலும் வெள்ளம் வந்தாலும் கள்ளன் வந்தாலும் கட்டியவர் தலை போன பிறகுதான் கட்டிக்கொண்டவர் தலை. மலைக்கு அந்தப் பக்கம் எல்லைக்கல் வந்ததும் கட்டியவரே தன் கையால் அறுத்துவிடுவார். வேறு யாரும் அறுக்கக் கூடாது. கயிறு கட்டின ஆளை எங்கள் சனம் தொடாது. கயிறு இல்லாத ஆளுக்கு மலைதான் பொறுப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எவனாவது கட்டினா, அவன் கழுதைக்குப் பொது மேய்ச்சல் கிடையாது" என்றான் திரொகொந்தாஸ். சொல்லும்போது என்னையே பார்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேய்ச்சல் போனால் நான் கழுதைகளை விற்றுவிட்டுப் பிச்சைதான் எடுக்க வேண்டும். ஆனால் என் மனசு வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நான் பார்த்த ரோமர்கள் எல்லாம் குதிரைமேல் இருந்தார்கள். இப்போதுதான் ஒரு சாலைக்காரன் தரையில் உட்கார்ந்து கையெட்டும் தூரத்தில் கிடைத்திருக்கிறான். மோலெஸை எங்கே புதைத்தார்கள் என்று சாலைக்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? இவனை மலையில் விட்டுத் தொலைத்துவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

"சரி, நான் கயிறு கட்டல" என்றேன். "ஆனா மலை தாண்டிக் கூட்டிட்டுப் போறேன்."

"அது எப்படி மதினி?"

"ஆளுக்குத்தான கயிறு? பாலாடைக்கட்டிக்குக் கயிறு கட்டுறோமா? ஆட்டுத்தோலுக்குக் கட்டுறோமா? இவன சரக்கா ஏத்திட்டுப் போறேன். சரக்குக்கூலி வாங்கிக்கிறேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. திரொகொந்தாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சரக்கு வழியில விழுந்தா யாரும் தேட மாட்டாங்க, மதினி. ஞாபகம் வச்சுக்க" என்றான்.

மறுநாள் விடிந்ததும் அவனைப் பெரிய கழுதைமேல், இந்தப் பக்கம் பாலாடைக்கட்டி, அந்தப் பக்கம் ஆட்டுத்தோல், நடுவில் அவன் என்று உட்காரவைத்தேன். காய்ச்சலில் பல் கிடுகிடுவென்று அடித்தது. மேலே ஒரு ஆட்டுத்தோலை எடுத்துப் போர்த்திவிட்டேன். சரக்கு நனையக் கூடாது, கெட்டுப்போகக் கூடாது, அதற்காகத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் இறங்கிக்கொண்டான். "கழுதை பாவம்" என்றான். ஏற்றத்தில் ஒரு கையால் சேணத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த உடைந்த குரலில் பாட்டு வேறு. கழுதை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"யோவ், நிறுத்தும். உம்ம ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும். சொல்லலன்னா இங்கயே இறக்கிவிட்டுட்டுப் போயிருவேன்."

"ஏற்கெனவே எறங்கித்தான நடக்கறேன், தங்கச்சி."

"நக்கலா? மோலெஸ எங்க புதைச்சீங்க?"

அவன் நின்றுவிட்டான். "யாரை?"

"நடிக்காதீரும். உங்க சாலையில கல்லு சுமந்து செத்தான் ஒரு மனுசன். மிசாந்தா மோலெஸ். என் வீட்டுக்காரரு. எந்த எடத்துல போட்டு மூடினீங்க?"

அழக் கூடாது என்று கழுதையை ஒரு தட்டுத் தட்டினேன். அது திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தது.

அவன் என் தலையிலிருந்த கறுப்புத் துணியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, தொட்டியருகில் ஏன் எல்லோர் முகமும் செத்துப்போனது என்று. வேறொருத்தன் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவன் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"தங்கச்சி, நான் சாலைக்காரன் இல்ல. நான் சொன்ன வழி கல்லுல போடுறது இல்ல. ஒரு மனுசன். எல்லாருக்காகவும் செத்தவரு, செத்தும் எழுந்தவரு. அவரு பின்னால போறதத்தான் நாங்க வழின்னு சொல்றோம். அவரப் பத்திச் சொல்லத்தான் ஊரு ஊரா நடக்கறேன்."

"அப்ப மோலெஸ்?"

"எனக்குத் தெரியாதும்மா."

அந்தத் "தெரியாதும்மா"வில் என் உயிரே இறங்கிப்போனது. மேய்ச்சலைப் பணயம் வைத்து இவனை ஏற்றிக்கொண்டு வந்தேனே! ஒரு செருப்புத் தைக்கிறவனையா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவனை, அவன் ஊரை, அவன் காய்ச்சலை, எல்லாவற்றையும் திட்டினேன். வாங்கிக்கொண்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டான்.

"எப்படி இருப்பாரு?"

"யாரு?"

"மோலெஸ்."

சிப்பாய் கேட்காத கேள்வி. அளப்பவன் கேட்காத கேள்வி.

"இடது காதுல பாதி இருக்காது. கழுதை கடிச்சது. கேட்டா கரடியோட சண்டை போட்டேம்பாரு. பேசும்போது மூக்கத் தடவிக்கிட்டே பேசுவாரு. வாயத் தொறந்தா புளுகுதான். ஆனா நல்ல புளுகு, யாருக்கும் நோகாது."

"மிசாந்தா மோலெஸ். இடது காது பாதி. மூக்கத் தடவுவாரு. நல்லா புளுகுவாரு." மனப்பாடம் செய்கிறவன் போல வாய்க்குள் சொல்லிக்கொண்டான். "நான் போற ஊர்ல எல்லாம் கேக்கறேன். சாலை வேலை செஞ்சவன் எங்கயும் இருப்பான்."

"எத்தனை ஊரு போவீரு நீரு?"

"கால் இருக்கற வரைக்கும்."

வளைந்த அந்தக் காலைப் பார்த்தேன். மலையின் பாதி தாண்டுவதே சந்தேகம் என்று நினைத்தேன்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு வந்தது. அரளி பூத்துக்கிடந்தது. எதிரே இறங்கிவந்த வியாபாரிகள் கையிலெல்லாம் சிவப்பு நூல். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் வெறுங்கையைப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் இல்லையே?"

"நீரு சரக்கு. சரக்குக்குக் கிடையாது." கயிறு என்றால் என்ன, ஊர் என்ன முடிவு செய்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சரக்கு என்றதைக் கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு பையிலிருந்து செருப்புத் தைக்கிற கறுப்பு நூலை எடுத்தான். பல்லால் கடித்து இரண்டாக்கினான்.

"கைய நீட்டு, தங்கச்சி."

"யோவ், பைத்தியமா உமக்கு? கட்டினவன்தான் கூட்டிட்டுப் போறவன். எனக்கு ஒண்ணுன்னா உம்ம தலை போகணும். புரிஞ்சுதா? நீரே தள்ளாடிட்டு நிக்கிறீரு!"

"நல்லாப் புரியுது. அதுக்குத்தான் கட்டறேன்."

"உமக்குப் பாதையே தெரியாதே!"

"அத நீ பாத்துக்க."

எனக்கு ஒரு கையில் கழுதை, இன்னொரு கை பாறையில். நான் தடுப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிட்டான். செருப்பு முடிச்சு. மெழுகு தடவியது. எந்தச் சாமி பெயரையும் எங்கள் வழக்கப்படி சொல்லவில்லை, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான், அவ்வளவுதான். தன் கையிலும் ஒன்று கட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பாறை நெருக்கும் வளைவில் நான் பயந்தது நடந்தது. ஆடு மேய்க்கிறவர்களின் குறுக்குப் பாதையில் வந்து திரொகொந்தாஸும் இன்னும் சிலரும் கையில் கல்லோடு நின்றார்கள்.

"ஒதுங்கு மதினி. கயிறு இல்லாத ஆளுதான? உனக்கு ஒரு பழியும் வராது."

"கயிறு இருக்கு." கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கறுப்பா இருக்கு! இது என்ன கயிறு? நீயா கட்டின?"

"நான் கட்டினேன்" என்று அவன் முன்னால் வந்தான்.

"கட்டவும் தெரியாதவன் கட்டினா கயிறாயிருமா? எங்க அண்ணன முழுங்கின சாலைதானடா உன் சாலை!"

"டேய், சொல்றதக் கேளு, அவன் சாலைக்காரன் இல்லடா!" என்று கத்திக்கொண்டே நான் கொழுந்தனை நோக்கிப் பாய்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்றவன் எவனோ கல்லை விட்டுவிட்டான். செருப்புத் தைக்கிறவனைக் குறிவைத்த கல் என் தலைக்கு நேராக வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்தது, ஒரு குட்டை உருவம் எனக்கு முன்னால் வந்தது, சத் என்று ஒரு சத்தம்.

அவர் விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் தரையைத் தடவி, கழுதைக் காலைப் பிடித்து எழுந்தார். எழுந்து என்ன செய்தார் தெரியுமா? ஓடவில்லை. என் முன்னால் வந்து, திரும்ப அதே இடத்தில் நின்றுகொண்டார். அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எங்கள் ஊரில் கயிறு கட்டிப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்த நாள்வரை எங்களில் ஒருத்தனும் கல்லுக்கு முன்னால் இப்படிப் போய் நின்றதில்லை. பேச்சில்தான் நின்றிருக்கிறோம்.

என் வாய் திறந்துகொண்டது. "அடிங்கடா! இன்னும் ஒண்ணு போடுங்க! கயிறு கயிறுன்னு தம்பட்டம் அடிச்சீங்களே, பாத்துக்கங்க, இவருதான்டா கயிறு கட்டினவரு! நீங்க எல்லாரும் கழுதைக்கு வால் முடைஞ்சவனுங்க!"

திரொகொந்தாஸ் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. "அப்ப… சாலை?" என்றான், குழந்தை மாதிரி.

"சாலை இல்லப்பா" என்று அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே தொட்டியருகில் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னார், இந்த முறை செத்து எழுந்தவரின் கதையோடு, யாருக்கும் புரியும்படி.

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னேனேப்பா. எத்தனை அகலம்னுதான நீங்க கேட்டீங்க!"

ஒருத்தன் சிரித்தான், பிறகு எல்லோரும். திரொகொந்தாஸ் தன் இடுப்புத் தோல்பையைத் திறந்து திராட்சை ரசத்தால் அவர் காயத்தைக் கழுவினான்.

எல்லைக்கல் வரைக்கும் அவனே கூட வந்தான். கீழே ஏரி பளபளவென்று தெரிந்தது. நான் கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அறுத்துவிடுங்கண்ணே. கட்டினவங்கதான் அறுக்கணும்."

கத்தியை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். "மோலெஸ் இருக்கற எடம் தெரியட்டும். வந்து அறுக்கறேன். அதுவரைக்கும் நீ என் பொறுப்பு."

தலையில் கட்டோடு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். பாட்டுச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. கழுதை மறுபடி காதை மடக்கியது.

அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. ஆனால் மலை தாண்டுகிறவர்கள் வாயில் அவர் வந்துகொண்டே இருந்தார். ஏரிக்கரை ஊரில் பிரம்பால் அடித்துத் துரத்தினார்கள் என்றார்கள். அடிபட்டவர் அடுத்த ஊருக்கு நடந்தார். கம்பளிச் சாயக்காரர்கள் ஊரில் தறிக்கூடத்தில் கூட்டம் சேர்ந்தது என்றார்கள். கடலில் கப்பல் உடைந்து பலகையைப் பிடித்துக் கரையேறினார், ஈரம் காயுமுன் கரையில் நின்றவர்களிடமே பேச ஆரம்பித்துவிட்டார் என்றார்கள். கேட்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு அரிக்கும். அப்படியும் ஒரு மனிதனா! எங்கள் கழுதையே மூன்றாவது அடிக்குப் படுத்துவிடும்.

எல்லாரும் ஒன்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். "பேச்செல்லாம் முடிச்சுட்டுக் கடைசியா ஒரு கேள்வி கேப்பாரும்மா. மிசாந்தா மோலெஸத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா, இடது காது பாதி, நல்லா புளுகுவாருன்னு. எங்க ஊருல பிள்ளைங்க அத வச்சு விளையாடுதுங்க." ஒரு வியாபாரி என் வீட்டு வாசலில் நின்று, "இதுதான் மோலெஸ் வீடா?" என்று பயபக்தியோடு கேட்டான். உயிரோடு இருந்தபோது பக்கத்து ஊரில்கூட அவரை யாருக்கும் தெரியாது. கரடிக் கதையை நம்ப ஆளில்லாமல் செத்த மனிதர். இப்போது கடலுக்கு அந்தப் பக்கமும் அவருக்குப் பெயர். நான் உள்ளே போய் அழுதேன்.

என் தலை பாதி நரைத்த பிறகு ஒருத்தன் வந்தான். கணுக்காலில் விலங்கு போட்ட தழும்பு. கல் உடைத்துக் காய்த்த கை.

"அர்மாஸ்தா நீங்கதானா? மோலெஸ நான்தான் புதைச்சேன்."

கையிலிருந்த வாளி நழுவிவிட்டது. அவன் சொல்லச் சொல்லக் கேட்டேன். மண் சரிந்து விழுந்ததாம். வலியில்லாமல் போய்விட்டாராம். பாலத்தை ஒட்டி ஒரு காட்டுப் பேரி மரம், அதன் அடியில் குழி தோண்டி, அவருடைய கழுதையின் கடிவாளத்தை நெஞ்சில் வைத்து மூடினானாம். "முந்துன நாள்கூடக் கரடிக் கதை சொன்னாரும்மா. நான் நம்பினேன்."

"நம்பினியா? நல்லா இருப்பே!" என்றேன். "உனக்கு யாரு சொன்னா என்னைப் பத்தி?"

"துறைமுகத்துச் சிறையில. பக்கத்துல கட்டிப் போட்டிருந்தாங்க அவர. காய்ச்சல்ல கெடந்தாரு. வந்த அன்னைக்கே, ரொட்டி வர்றதுக்கு முன்னாடியே, மோலெஸத் தெரியுமான்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொன்னதும் அந்த மனுசன் எப்படி அழுதாருங்கிறீங்க! அப்புறம் பாட ஆரம்பிச்சுட்டாரு. பாட்டுதான் தாங்க முடியல."

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். "அண்ணன் எங்க இப்ப?"

"கூட்டிட்டுப் போனாங்கம்மா. கொன்னுட்டாங்க. கையில ஒரு கறுப்பு நூலு, விலங்கு உரசி உரசிப் புண்ணுக்குள்ள போயிருந்துச்சு. நான் கடிச்சு அறுத்துவிடறேன்னேன். விடல. இது ஒருத்தி கையிலயும் இருக்கு, நான் போய்த்தான் அறுக்கணும்னாரு."

திரொகொந்தாஸ் வந்தான். மூன்று பேரும் கழுதையில் மேற்கே போனோம். பாலம் இருந்தது, பேரி மரம் இருந்தது. என் கையால் திராட்சை ரசம் ஊற்றினேன். "கரடிதான் கடிச்சுதுன்னே வச்சுக்கறேன், போ" என்று அவரிடம் சொன்னேன். கறுப்புத் துணியை எடுத்து மரக்கிளையில் கட்டினேன். தலையில் காற்றுப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று!

கொழுந்தன் கத்தியை எடுத்தான். "கைய நீட்டு மதினி. எல்லாம் முடிஞ்சுது. அதையும் அறுத்துடறேன்."

"தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன். கட்டினவங்கதான் அறுக்கணும்."

"அவருதான் செத்துட்டாரே."

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். மெழுகெல்லாம் போய், முடிச்சு மட்டும் கல் மாதிரி இருந்தது. அவர் எங்களிடம் சொன்ன கதையில், செத்தவர் எழுந்துவந்தார். அன்றைக்கு அந்தப் பாறை வளைவில் அதை நான் பாதிதான் கேட்டேன்.

"அதுக்கென்ன?" என்றேன். "எல்லைக்கல்லு இன்னும் வரலடா. அவரு முன்னால போயிட்டு இருக்காரு. நீ கழுதைய ஓட்டு."